நம்பாத கூட்டாளியிடம் விசுவாசத்தைப் பற்றிக் கதைப்பது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வேதக்காரப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கல்லடிப் பக்கம், மெதடிஸ்த சபைக்காரன். "என்ட கூட்டாளிக்குக் கடவுள் நம்பிக்கையே இல்ல, அவனுக்கு இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்றது?" என்று வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னால், முதலில் அவன் கேட்க வேண்டும். அதற்கு முன்னர் உங்களுக்கு இருக்கிற வேலை, இவனிடம் கேட்டால் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றும்படி நடந்துகொள்வதுதான். பேதுருவின் முதலாம் நிருபம் 3:15இல் இருப்பதும் இதுதான், உங்களிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று. ஆயத்தமாவதற்குப் பயிற்சி முகாம் வைக்கிறோம், துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம், அந்த மனிதன் கேட்டானா என்று பார்ப்பதற்கு மட்டும் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

சரி, யார் இந்த "நம்பாதவன்"? நமது ஊர்களில் இதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பொத்துவில், உகந்தை, குமண என்று காட்டுவழியால் கதிர்காமத்துக்கு நடக்கிற சைவக்காரக் கூட்டாளியை, சபையில் சாட்சி சொல்ல எழும்பும்போது "விசுவாசம் இல்லாத என் நண்பன்" என்று சொல்கிறீர்களே, அது உண்மையா? உங்களை ஞாயிறு காலை எட்டு மணிக்கு எழுப்ப அம்மா தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நேரம் தொழுகிற சம்மாந்துறைப் பொடியனும் அப்படித்தான். அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது, உங்களுடைய நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். அவர்களோடு கதைக்கும்போது "கடவுள் இருக்கிறார்" என்று தொடங்கினால் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேண்டும். அவர்களிடம் முதலில் கேளுங்கள். நீ எப்படிக் கும்பிடுகிறாய், எதற்கு நேர்த்தி வைத்தாய், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஏன் ஊரே வீட்டைத் துப்புரவாக்குகிறது என்று, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள். அவன் சொல்லி முடித்த பிறகு "நீங்க என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்டால் அங்கே கதவு திறக்கிறது. கேட்காவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை, ஒரு நல்ல கதை கேட்டீர்கள்.

உண்மையிலேயே எதையும் நம்பாதவர்கள் வேறு. நான் பார்த்த அளவில் இங்கே இரண்டு விதம். வாசித்து, யோசித்து நம்பிக்கையை விட்டவர்கள் ஒரு பக்கம், இடதுசாரி வீட்டுப் பிள்ளைகள், கம்பஸில் விஞ்ஞானம் படித்தவர்கள், கோயில் நிர்வாகச் சண்டையும் சபைப் பிரிவினையும் பார்த்து அலுத்தவர்கள். மற்றப் பக்கம், யாரையோ பறிகொடுத்த அன்றைக்கே விட்டவர்கள். முதலாவது ஆட்களோடு கதைப்பது சுலபம், சுவாரசியமும்கூட. இரண்டாவது ஆட்களிடம் வாய் திறக்கும் முன்னரே நாங்கள் பெரும்பாலும் பிழை விடுகிறோம், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். இந்த நாட்டில் சுனாமியால் ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். நாவலடி, கல்லடி, பெரியநீலாவணை, மருதமுனை, காரைதீவு என்று கரையில் இருந்த எல்லா ஊரிலும் சேர்ச்சுக்குப் போனவர்களும் கோயிலுக்குப் போனவர்களும் பள்ளிக்குப் போனவர்களும் ஒன்றாகச் செத்தார்கள். அதற்குப் பிறகு "நாங்கள் ஜெபித்தோம், தண்ணீர் எங்கள் மதிலோடு நின்றுவிட்டது" என்று மைக்கில் சாட்சி சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொல்பவருக்கு அது நன்றி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கச்சியைக் கையில் பிடித்திருந்தும் விட்டுவிட்ட ஒருவன் அதைக் கேட்டால் அவன் காதில் விழுவது வேறு: உன்ட தங்கச்சிக்காக ஒருத்தரும் ஒழுங்காக ஜெபிக்கவில்லை. அவனிடம் போய் நீங்கள் எந்த அற்புதத்தைச் சொன்னாலும் அதே கணக்கைத்தான் அவன் போட்டுப் பார்ப்பான். 1990இல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இன்றுவரை எங்கே என்று தெரியாத வீட்டுப் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான்.

அப்படிப்பட்டவனிடம் சொல்லக்கூடாதவை சில இருக்கின்றன. "கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கு" சொல்லாதீர்கள். "நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரம் எடுப்பார்" சொல்லாதீர்கள், அப்படியானால் மிச்சமிருக்கிற நாங்கள் யார்? "பாவத்தின் சம்பளம்" என்ற பேச்சையே எடுக்காதீர்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை இயேசுவே எடுத்துக் கதைக்கிறார், எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும் விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்கிறபோதும் இரண்டும் இல்லை என்றுதான் பதில். நமது வேதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறதை விட்டுவிட்டு, செத்த வீட்டில் நின்று கர்மவினைக் கணக்குப் பார்க்கிற வேதக்காரரைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

என்ன செய்யலாம்? யோபுவின் சிநேகிதர்கள் வந்து ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது, வாயைத் திறந்த பிறகு எல்லாம் பழுதாகிவிட்டது. நினைவு நாளை ஞாபகம் வைத்திருங்கள், அன்றைக்குப் போய் நில்லுங்கள், தேத்தண்ணி குடியுங்கள், கதிரை தூக்கி வையுங்கள். அவன் கோபமாக "உன்ட ஆண்டவர் அன்றைக்கு எங்க இருந்தவர்?" என்று கேட்டால், அது கேள்விதான், பதில் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு, அவன் விரும்பினால் மட்டும், 88ஆம் சங்கீதத்தைக் காட்டலாம். மற்ற அழுகைச் சங்கீதங்கள் கடைசியில் எப்படியாவது துதியில் போய் முடியும், இது இருட்டிலேயே முடிகிறது. இப்படி ஒரு பாட்டு வேதத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடவுளோடு கோபப்படலாம் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

வாசித்து, யோசித்து நம்பிக்கையை விட்டவனோடு கதைக்கும்போது கடவுள் உண்டா இல்லையா என்பதில் ஆரம்பிக்க வேண்டாம். அவனுக்குப் பதில் தயாராக இருக்கும், உங்களுக்கும் இருக்கும், அரை மணித்தியாலத்தில் இரண்டு பேருக்கும் தொண்டை வறளும். விஞ்ஞானம் பற்றிக் கதை வந்தால் தெரிந்ததை மட்டும் கதையுங்கள், பெருவெடிப்புக் கொள்கைக்கு ஆரம்பத்தில் உருக்கொடுத்த ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அதை வைத்து வாதத்தில் வென்றுவிட்டதாக நினைக்காதீர்கள். பரிணாமத்தைப் பற்றி ஒரு யூடியூப் வீடியோவில் கேட்டதை எடுத்துவிட்டு உயிரியல் படித்தவனிடம் வாங்கிக் கட்டுவதைவிடச் சும்மா இருப்பது நல்லது.

அவன் கட்டாயம் கேட்கிற ஒன்று இருக்கிறது: "இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்தானே?" மழுப்ப வேண்டாம். ஓம், போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் உத்தியோகத்துக்காகவும் காணிக்காகவும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நிறைய, அவர்கள் போனதும் அப்படியே திரும்பிப் போனவர்களும் நிறைய. அது உள்ள கதை. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார், வந்து ஒரு வருடத்துக்குள் 1815இல் இங்கேயே இறந்துபோனார், அவர் தொடக்கிய பள்ளிக்கூடம் இன்றைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. அதுவும் உள்ள கதைதான். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். படித்துவிட்டு ராமகிருஷ்ண மிஷன் துறவியானார், கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தை உருவாக்கினார். மிஷன் பள்ளியில் படித்தும் அவர் வேதத்துக்கு வரவில்லை, அதனால் யாருக்கு என்ன நட்டம்? கூட்டாளிக்கு இதைச் சொல்லுங்கள். உங்களோடு கதைத்தாலே மாறிவிட வேண்டும் என்ற பயம் அவனுக்குள் இருந்தால் கொஞ்சம் குறையும்.

அப்புறம் "நான் சைவன், ஒருத்தனுக்கும் கெடுதல் செய்யல்ல, நான் நரகத்துக்கா போவேன்?" என்ற கேள்வி. இதற்கு ஓம் என்று சொல்கிற ஆட்கள் நமக்குள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், தீர்ப்புச் சொல்கிற வேலை என்னிடம் தரப்படவில்லை என்று சொல்லுங்கள், அது தப்பித்தல் இல்லை, விசுவாசப்பிரமாணத்திலேயே நியாயந்தீர்க்க வருபவர் வேறொருவர் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறோம்.

உங்கள் கதையைச் சொல்லும் முறைக்கு வருவோம். ஒரு பிளேன்டி குடித்து முடிகிற நேரத்துக்குள் சொல்லி முடியுங்கள். "முன்பு நான் பெரிய பாவி, இப்போது எல்லாம் சரி" என்ற அச்சில் வார்க்காதீர்கள், அவன் உங்களோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன், நீங்கள் முன்பும் பெரிய பாவி இல்லை, இப்போதும் எல்லாம் சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். இந்த விசுவாசம் எந்த இடத்தில் உங்களைப் பிடித்தது, எந்த இடத்தில் இன்னும் உங்களுக்கே விளங்கவில்லை, இரண்டையும் சொல்லுங்கள். அபிஷேகம், கட்டவிழ்ப்பு, பாரம், ஊழியம் என்று சபைக்குள் கதைக்கிற பாஷையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். "அப்ப நீ என்ன முடிவெடுத்திருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள், இது காப்புறுதி விற்கிற வேலை இல்லை.

இடமும் நேரமும் முக்கியம். நாலு பேர் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் வேண்டாம், அங்கே அவனுக்குக் கேட்க ஆசை இருந்தாலும் பகிடிதான் பண்ணுவான். பின்னேரம் காந்தி பூங்காவில் வாவியோரம் இருந்து கதைக்கலாம், கல்லடிக் கடற்கரையில் நடக்கலாம், மோட்டார் சைக்கிளில் ஒன்றாகப் போகும்போது முகம் பார்க்காமல் கதைப்பது சிலருக்கு இன்னும் லேசு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவனிடம் ஆரம்பிக்கக் கூடாது, எழும்பிப் போக முடியாதவனிடம் கதைப்பது கதையே இல்லை. பரீட்சை முடிவு வந்து உடைந்திருக்கும்போதும், காசு கடன் கேட்டு வந்திருக்கும்போதும் அப்படியே. ஒவ்வொரு நாளும் காலையில் வட்ஸ்அப்பில் வசனம் அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். அவன் உங்களை மியூட் பண்ணி வைத்திருக்கிறான், சொல்ல வெட்கப்படுகிறான்.

காசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு சேர்த்து ஜெபக்கூட்டத்தையும் கொடுத்த கதைகளால், இங்கே வேதக்காரர் ஒருவர் அரிசிப் பையோடு படியேறினால் இன்றும் சிலர் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். சுனாமிக்கு முன்னரே, 2004 நடுப்பகுதியில் பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்ததற்கும் இப்படியான கோபம் ஒரு காரணம். அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவில்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தான் விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது, அது உங்கள் கூட்டாளியின் சுதந்திரம் என்பதை மறக்க வேண்டாம். மதத்தைப் பரப்புவது தனியான ஓர் அடிப்படை உரிமையாக நமது அரசியலமைப்பில் இல்லை என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொல்லியும் இருக்கிறது. ஆகவே உதவி செய்தால் உதவி, அதோடு துண்டுப்பிரசுரம் வேண்டாம். உதவி தேவைப்படுகிற காலத்தில் அவனே சபைக்கு வருகிறேன் என்றால், "வராட்டியும் இது கிடைக்கும் மச்சான், அதுக்காக வராத" என்று வாய் திறந்து சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு, தாய் தகப்பனுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யக் கூடாது.

முஸ்லிம் கூட்டாளி என்றால் இன்னும் கவனம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகளும் செத்தார்கள். தாக்குதல் கும்பலின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பதற்காக அந்த ஊர்க் கூட்டாளி உங்களுக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டவன் இல்லை. அந்தக் கோபம் இன்னும் உள்ளே இருந்தால் அவனிடம் சுவிசேஷம் கதைக்கப் போக வேண்டாம், கோபம்தான் கதைக்கும். கோபம் இல்லை, அவனாகவே கேட்கிறான் என்றாலும், அவன் வீட்டில் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை உங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு என்பதை நினைத்துக்கொண்டு கதையுங்கள்.

சேர்ச்சுக்குக் கூப்பிடுவதாக இருந்தால் ஒளி விழாவுக்கோ நத்தார் ஆராதனைக்கோ கூப்பிடுங்கள், முழு இரவு ஜெபத்துக்கு வேண்டாம். கத்தோலிக்கர் என்றால் செப்டெம்பரில் ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு அழைத்துப் போகலாம், அங்கே சைவக்காரரும் வருகிறார்கள், அவன் தனியாகத் தெரிய மாட்டான். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்: எப்போது எழும்புவது, காணிக்கைப் பை வந்தால் போட வேண்டியதில்லை, பூசை என்றால் நற்கருணை வாங்கப் போக வேண்டாம். "புதிதாக வந்தவர்கள் எழும்பி நில்லுங்கள்" என்று சொல்கிற வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் போதகரிடம் முதலே சொல்லி நிறுத்திவிடுங்கள். அவன் கூப்பிட்டால் நீங்களும் போங்கள், ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் கூட்டத்தோடு நின்றால் உங்கள் விசுவாசம் கரைந்துவிடாது. பிரசாதம் சாப்பிடுவதா இல்லையா என்பது உங்கள் மனச்சாட்சி, சாப்பிடாவிட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள்.

வாசிக்கக் கேட்டால் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். பதினாறு அதிகாரம், நாலு சுவிசேஷத்திலும் சின்னது, சத்தமாக வாசித்தாலும் ஒரு பின்னேரத்துக்குள் முடியும். பழைய மொழிபெயர்ப்பு எனக்கு உயிர், ஆனால் புதிதாக வாசிப்பவனுக்கு 1995இல் வந்த திருவிவிலியம் லேசாக ஓடும், இதைச் சொன்னால் எங்கள் சபைப் பெரியவர்கள் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். அவனோடு சேர்ந்து வாசியுங்கள், விளக்க உரை நடத்தாதீர்கள். ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், நம்புகிறேன், என் அவநம்பிக்கை நீங்க உதவி செய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிற இடத்தில் அவன் நிறுத்தினால் நீங்களும் நில்லுங்கள்.

"எனக்கு வேண்டாம் மச்சான், இதை விடு" என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வேறு பக்கத்தால் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். கிரிக்கெட் விளையாட வழமைபோலப் போங்கள்.

வருகிறேன் என்றால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது, அவசரப்படுத்தக் கூடாது. இந்தப் பக்கத்தில் கோயில் என்பது சாமி கும்பிடுகிற இடம் மட்டும் இல்லை, கொக்கட்டிச்சோலை போன்ற பெரிய கோயில்களில் எந்தக் குடிக்கு என்ன உரிமை, எந்த நாள் திருவிழா யாருடையது என்பதெல்லாம் தாய்வழியாக வருகிற முறை. அவன் விலகினால் மாமன்மாருக்கு அது குடும்பத்துக்குள் விழுந்த ஓட்டை. மூத்த மகனாகவோ கடைசி மகனாகவோ இருந்தால் இன்னும் கனமான கேள்வி ஒன்று அவன் மனதில் இருக்கும், சொல்லாமல் இருப்பான்: அம்மா அப்பா செத்தால் கொள்ளி யார் வைப்பது? இதை நீங்களே எடுத்துக் கதையுங்கள். அவன் வாயால் அம்மாவிடம் சொல்லும்வரை ஞானஸ்நானத் திகதி குறிக்க வேண்டாம். அவன் கேட்டால் கூடப் போங்கள், போய் அம்மாவிடம் ஏச்சு விழுந்தால் வாங்குங்கள், வாதாடாதீர்கள். ஏசுகிற அம்மாவுக்குப் பிள்ளை கைவிட்டுப் போகிறான் என்ற பயம், அந்தப் பயத்துக்கு வசனத்தால் பதில் கிடையாது, அவன் முன்பைவிட நல்ல மகனாக இருப்பதால் மட்டும்தான் கிடைக்கும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். சாட்சி சொல்ல மேடைக்கு ஏற்றாதீர்கள். போதகர் அவனுடைய ஃபோன் நம்பரைக் கேட்டால், அவனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.